கண்மாய்க்கரையில் ஒரு குட்டி நீலன்: பழைய பைனாகுலர் லென்ஸை வைத்துப் பெயர் கண்டுபிடித்த அனுபவம்

மதுரைக்குத் தெற்கே இருக்கும் சாமநத்தம் கண்மாய்க்கு நான் வழக்கமாகப் போவது பறவை பார்க்க. வடகிழக்குப் பருவமழை முடிந்து தண்ணீர் நிற்கிற மாதங்களில் ஞாயிறு காலை என்றால் அங்கேதான் இருப்பேன். கடந்த டிசம்பர் முதல் ஞாயிறு, நீர்க்காகங்களை எண்ணி முடித்துவிட்டுக் கரையிலிருந்து உள்வாய்ப் பக்கம் இறங்கினேன். தண்ணீர் கொஞ்சம் வற்றிய இடத்தில் பொடுதலை பாய் விரித்த மாதிரி படர்ந்திருந்தது. கால் வைத்ததும் அதிலிருந்து பத்துப் பதினைந்து சின்ன வண்ணத்துப்பூச்சிகள் எழுந்தன. எதுவும் முழங்காலுக்கு மேல் போகவில்லை. தத்தித் தத்திப் பறந்து, இரண்டடி தள்ளி மறுபடி பொடுதலைப் பூவிலேயே உட்கார்ந்தன. பறக்கும்போது மங்கிய நீலம், சிறகை மூடினால் சாம்பல். என் கட்டைவிரல் நகம் அகலம்கூட இல்லை.

எத்தனையோ வருடம் அந்தக் கரையில் நடந்திருக்கிறேன். நடுக் கண்மாயில் மிதக்கிற வாத்துக்குப் பெயர் சொல்லத் தெரியும். காலடியில் எழுந்து உட்காருகிற இதற்குப் பெயர் தெரியாது. அது அன்று மனதை உறுத்தியது. கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்கினேன், பிப்ரவரி வரை இழுத்தது. எங்கே தப்பாகப் போனேன், எதைச் செய்தபின் சரியானது என்று எழுதிவைக்கிறேன். உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் குளத்தங்கரையிலும் இந்தப் பூச்சிகள் பறக்கின்றன. அங்கேயும் இதே குழப்பம்தான் வரும்.

இது நீலன்கள் என்கிற வண்ணத்துப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பது வரைக்கும் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நம் சமவெளிகளில், புல்தரையில், பின்சிறகில் வால் இல்லாமல், இந்த அளவில் பறப்பவை என்று பார்த்தால் முக்கியமாக ஐந்து மிஞ்சும். பேல் கிராஸ் புளூ, டார்க் கிராஸ் புளூ, லெஸ்ஸர் கிராஸ் புளூ, டைனி கிராஸ் புளூ, கிராஸ் ஜுவல். நோட்டில் எழுத வசதியாக வெளிர் நீலன், அடர் நீலன், சிறு நீலன், குட்டி நீலன், புல்மணி என்று நானே பெயர் வைத்துக்கொண்டேன். இந்தப் பதிவிலும் அப்படியே எழுதுகிறேன்.

இரண்டாம் ஞாயிறு போனபோது, போனில் மாட்டுகிற கிளிப் லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோனேன். அதில் படம் தெளிவாக விழ வேண்டுமானால் பூச்சிக்கு நாலு சென்டிமீட்டர் வரை போக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் போனின் நிழல் பூச்சிமேல் விழுகிறது, உடனே பறந்துவிடுகிறது. ஒன்றரை மணி நேரத்தில் 140 படம் எடுத்து, தேறியவை மூன்று. மூன்றுமே வெயில் காய்வதற்காகச் சிறகை விரித்தவை. மேல்பக்கம் நீலம், ஓரத்தில் கறுப்புப் பட்டை. பக்கத்திலேயே புளியாரையும் கிடந்தது. வெளிர் நீலனின் புழு தின்பது புளியாரை இலை. சரி, வெளிர் நீலன்தான் என்று முடிவு கட்டி நோட்டில் எழுதிவிட்டேன்.

அது தப்பு. சிறகு நிறத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ததுதான் அதற்குக் காரணம். இந்தக் கூட்டத்தில் மேல்பக்க நீலம் ஆளை ஏமாற்றும். ஆணுக்கு நீலம் அதிகம், பெண் பெரும்பாலும் பழுப்பு. மழைக்காலத்தில் வருவது ஒரு மாதிரி, வெயில் காலத்தில் வருவது இன்னொரு மாதிரி. வெயில் எந்தப் பக்கமிருந்து படுகிறதோ அதைப் பொறுத்தும் நீலம் ஏறும், இறங்கும். வயதான பூச்சியில் செதில் உதிர்ந்து எல்லாமே வெளிறிவிடும். அடையாளம் இருப்பது சிறகின் அடிப்பக்கத்தில், அதாவது சிறகை மூடி உட்காரும்போது நமக்குத் தெரிகிற பக்கத்தில். அங்கே இருக்கும் புள்ளிகளின் எண்ணிக்கையும் இடமும்தான் பெயர் சொல்லும். அரை மில்லிமீட்டர் புள்ளி தெரிகிற மாதிரி படம் வேண்டும், அதுவும் பூச்சியைக் கலைக்காமல்.

அந்த வாரம் பரண்மேல் கிடந்த பழைய பைனாகுலர் ஞாபகத்துக்கு வந்தது. 8 × 30, அதாவது 8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 30 மில்லிமீட்டர் அகலம். கீழே விழுந்து உள்ளே முப்பட்டகம் நகர்ந்துபோனதால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், அதனால் ஓரம் கட்டி வைத்திருந்தேன். அதன் முன்கண்ணாடி நல்லபடியாகவே இருந்தது. முன்பக்க வளையம் இறுகிப்போயிருந்தது. இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, ஒரு ராத்திரி வைத்திருந்து, ரப்பர் துணியால் பிடித்துத் திருகியதும் கழன்றது. லென்ஸைச் சுவருக்கு எதிரே பிடித்து, எதிர் ஜன்னலின் உருவம் சுவரில் தெளிவாக விழுகிற தூரத்தை ஸ்கேல் வைத்து அளந்தேன். 12 சென்டிமீட்டர். போனுக்கு முன்னால் இதை வைத்தால், பூச்சி 12 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே படம் தெளிவாக விழும். கிளிப் லென்ஸோடு பார்த்தால் மூன்று மடங்கு தூரம்.

தூரம் கூடினால் பூச்சி சின்னதாகத் தெரியுமே என்று தோன்றும். அதைச் சரிக்கட்டப் போனில் இருக்கும் 3 மடங்கு ஜூம் கேமராவுக்கு முன்னால் லென்ஸை வைத்தேன். கிளிப் லென்ஸில் தெரிந்த அதே அளவில் இதிலும் பூச்சி தெரிந்தது.

பொருத்தியது இப்படி. அகலமான மாத்திரை டப்பா மூடியில் லென்ஸ் அளவுக்கு வட்டமாக ஓட்டை வெட்டினேன். உள்பக்கம் முழுக்கக் கறுப்பு மார்க்கரால் தீட்டினேன். தீட்டாவிட்டால் வெளிச்சம் சிதறிப் படம் பால் மாதிரி வெளுக்கிறது. மூடியைப் பழைய பின்கவர் ஒன்றில், ஜூம் கேமராவுக்கு நேராக, எம்-சீல் வைத்து ஒட்டினேன். காய்ந்தபின் படம் எடுத்துப் பார்த்தால் நடுவில் தெளிவு, ஓரமெல்லாம் குழைவு. ஒரு நாள் முழுக்க அதோடு மல்லுக்கட்டிய பிறகுதான் லென்ஸைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், ஓரம் வரை தெளிந்துவிட்டது. பைனாகுலரில் வெளியே வானத்தைப் பார்த்திருந்த புடைப்பான முகம் இப்போது போனைப் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் பூச்சியைப் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த லென்ஸ் என்பதால் ஓரத்தில் வானவில் நிறமும் பெரிதாக இல்லை.

இன்னொரு தொல்லை போனிலேயே இருந்தது. திரையில் 3 மடங்கு என்று காட்டிக்கொண்டே, பொருள் கிட்டே இருந்தால் போன் தானாக முதன்மைக் கேமராவுக்கு மாறிவிடுகிறது. படம் மங்கலாகவே வந்தது, காரணம் புரியவில்லை. முதன்மைக் கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டியதும் திரை இருண்டது. அப்போதுதான் எந்தக் கண்ணால் போன் பார்க்கிறது என்று தெரிந்தது. எல்லாவற்றையும் நாமே கையால் வைக்கிற புரோ முறைக்கு மாற்றி, ஜூம் கேமராவையும் ஃபோகஸையும் பூட்டி வைத்தேன். ஃபோகஸ் வெகுதூரத்தில் நிற்கட்டும். கையை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் தெளிவைப் பிடிக்க வேண்டும்.

ஃபோகஸைப் பூட்டியதில் இன்னொரு லாபம் கிடைத்தது. தெளிவாகத் தெரிகிற தூரம் எப்போதும் ஒன்றே என்றால், படத்தில் ஒரு மில்லிமீட்டர் எப்போதும் ஒரே எண்ணிக்கைப் பிக்சல்தான். ஸ்டீல் ஸ்கேலை ஒரு படம் எடுத்து எண்ணினேன். 10 மில்லிமீட்டருக்கு 700 பிக்சல். இனி பூச்சியைத் தொடாமலே, பிடிக்காமலே அளக்கலாம். வலை போட்டுப் பிடித்து அளப்பதில் எனக்கு விருப்பமில்லை. அவ்வளவு மெல்லிய சிறகை விரலால் தொட்டாலே செதில் ஒட்டிக்கொள்ளும்.

மூன்றாம் ஞாயிறு. காலை 6.15க்கே போய்விட்டேன். மார்கழிப் பனி. புல்நுனியெல்லாம் நீர் கோத்திருந்தது. பகலில் ஓடுகிற இந்தப் பூச்சிகள் ராத்திரி புல்தண்டுகளில், கோரை நுனிகளில் ஏறிச் சிறகை மூடி உறங்கும். உடம்பு சூடேறும் வரை பறக்காது. வேண்டியதெல்லாம் பார்க்கும் பொறுமையும், கீழே விரிக்க ஒரு சாக்கும்தான். சாக்கு ஏன் என்றால் நெருஞ்சி. போன வாரம் முழங்கையிலும் முழங்காலிலும் குத்திய முள்ளை இரண்டு நாள் எடுத்துக்கொண்டிருந்தேன். உரச் சாக்கை இரண்டாக மடித்துப் போட்டுக் குப்புறப் படுத்தால் முள் ஏறாது, ஈரமும் ஏறாது.

படுத்துப் பார்த்தால் அந்த இடமே வேறாக இருந்தது. ஒரே அறுகம்புல் தண்டில் மூன்று பேர், ஒருவர் கீழ் ஒருவராக. சிறகோரத்தில் வெள்ளைப் பஞ்சு மாதிரி குஞ்சம், உணர்கொம்பில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம், கண்ணைச் சுற்றி வெள்ளை ஓரம். சிறகின்மேல் பனித்துளி ஒன்று புள்ளியின்மேலேயே உட்கார்ந்து, அந்தப் புள்ளியை மட்டும் பெரிதாக்கிக் காட்டியது. போனைச் சிறகுக்கு இணையாகப் பிடிக்க வேண்டும், அது முக்கியம். கொஞ்சம் சாய்ந்தாலும் பாதிச் சிறகு தெளிவு, மீதி மங்கல். ஏழு மணிக்கு வெயில் எட்டியதும் ஒவ்வொன்றாகச் சிறகைப் பாதி திறந்து, முதுகை வெயிலுக்குக் காட்டிப் பத்து நிமிடம் காய்ந்தன. அப்புறம் தரைக்கு இறங்கிவிட்டன. அதற்குள் 60 படம். 22இல் அடிப்பக்கம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

கரைமேல் ஆடு ஓட்டி வந்த பெரியவர் நின்று பார்த்தார். "என்னா தம்பி, காசு எதுவும் விழுந்துருச்சா?"

"இல்லைங்கய்யா, இந்தப் பூச்சியைப் படம் எடுக்கிறேன்." போனைக் காட்டினேன்.

கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இதுல இம்புட்டு வேலைப்பாடா இருக்கு!" என்றார். பிறகு, "நெருஞ்சிக்குள்ளயும் மேயும், அந்தப் பக்கம் நீர்முள்ளி கெடக்குல்ல, அதுக்குள்ளயும் மேயும். ரெண்டும் ஒண்ணுதானா?" என்று கேட்டார். அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் கேட்டது எவ்வளவு சரியான கேள்வி என்று மூன்று வாரம் கழித்துத்தான் புரிந்தது.

அன்று சாயங்காலம் 22 படங்களையும் ஒரே அளவில் அச்செடுத்தேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் டிரேசிங் தாளை மேலே வைத்துப் புள்ளிகளை மட்டும் நகல் எடுத்தாள். நிறம் வேண்டாம், சிறகோரமும் புள்ளிகளும் மட்டும் போதும் என்று சொல்லியிருந்தேன். கோலத்துக்குப் புள்ளி வைக்கிற கை அவளுக்கு, பிசகாமல் வைத்தாள். பத்துத் தாள் ஆனதும் அவளே சொன்னாள்: "அப்பா, இதுல எல்லாம் ஒரே புள்ளி இல்லப்பா. சிலதுல உள்ள ஒண்ணு கூட இருக்கு."

தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தோம். உண்மைதான். எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், இந்த வேலையின் உயிர்நாடியே இதுதான்.

சிறகை மூடி உட்கார்ந்திருக்கும்போது முன்சிறகின் நடுவில், நரம்புகளுக்கு இடையே நீளமாக ஓர் அறை மாதிரி இடம் இருக்கிறது. அந்த அறையின் வெளிமுனையில் குறுக்கே ஒரு சின்னக் கோடு. இது இந்த நான்கு நீலன்களுக்குமே உண்டு, அதனால் இதை வைத்துப் பிரிக்க முடியாது. அந்தக் கோட்டிலிருந்து உடம்புப் பக்கமாக உள்ளே வந்து அறைக்குள் பாருங்கள். அங்கே தனியாக ஒரு புள்ளி இருந்தால் அது வெளிர் நீலன் அல்லது அடர் நீலன். இல்லாவிட்டால் சிறு நீலன் அல்லது குட்டி நீலன். கூட்டம் பாதியாகிவிடும்.

எங்கள் 22 தாளில் 9இல் அறைப்புள்ளி இருந்தது, 13இல் இல்லை. இல்லாத 13ஐயும் படம் சரியாக விழாததால் புள்ளி மறைந்துவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஏற்கெனவே ஒரு பெயரை மனதில் வைத்துக்கொண்டால், அதற்கு ஒத்துவராததெல்லாம் குறையாகத்தான் கண்ணுக்குப் படுகிறது. மற்றப் புள்ளிகள் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கும் படத்தில் அறைப்புள்ளி மட்டும் எப்படி மறையும்? அதை மகள்தான் கேட்டாள். நோட்டில் எழுதியிருந்த 'வெளிர் நீலன்' என்பதன்மேல் கோடு போட்டேன்.

முதலில் அறைப்புள்ளி உள்ள ஒன்பது. இதில் வெளிர் நீலனா, அடர் நீலனா என்று பிரிக்க, அதே பூச்சி சிறகை விரித்த படமும் வேண்டும். வெளிர் நீலன் ஆணின் மேல்பக்கம் வெள்ளி கலந்த வெளிர் நீலம், அடர் நீலன் ஆணுக்குக் கருத்த ஊதா நீலமும் அகலமான கறுப்பு ஓரமும். வெயில் காயும்போது தொடர்ந்து எடுத்திருந்த படங்களில் ஆறு கருத்த ஊதா. மீதி மூன்றும் பெண் என்பதால் அப்போதைக்கு முடிவு சொல்ல முடியவில்லை. அன்று அந்தக் கரையில் நான் எடுத்ததில் வெளிர் நீலன் என்று உறுதியாகச் சொல்ல ஒன்றுகூட இல்லை. பின்னர் அதைக் கண்மாயில் இல்லை, எங்கள் வீட்டு வாசல் தொட்டியில், தானாக முளைத்த புளியாரையில் பார்த்தேன். மனிதர் புழங்குகிற இடத்தை ஒட்டியே வாழ்கிற பூச்சி அது. 2011இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்து நடந்தபின், கதிர்வீச்சு உயிர்களை என்ன செய்கிறது என்று பார்க்க ஜப்பானிய ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டது இந்த வெளிர் நீலனைத்தான். முடிவுகளை 2012இல் வெளியிட்டார்கள். சிறகின் அளவிலும் புள்ளிகளின் அமைப்பிலும் ஏற்பட்ட மாற்றங்களையும் அதில் கணக்கெடுத்தார்கள். நம் வாசல் தொட்டிப் பூச்சிக்கு இப்படி ஒரு வரலாறு இருப்பதை மகளுக்குச் சொன்னபோது, தொட்டியில் களை பறிக்கக்கூடாது என்று எழுதி ஒட்டிவிட்டாள்.

அடுத்து அறைப்புள்ளி இல்லாத 13. இவற்றில் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முன்சிறகின் முன்விளிம்பை ஒட்டி, அறைக்கு மேலே, குண்டூசி நுனியால் தொட்டு வைத்தது மாதிரி இரண்டு குட்டிப் புள்ளிகள் இருந்தால் அது குட்டி நீலன். விளிம்பு சுத்தமாக இருந்து, பின்சிறகின் வளைந்த புள்ளி வரிசையில் மேலிருந்து இரண்டாவது புள்ளி மட்டும் வரிசையை விட்டு உடம்புப் பக்கம் உள்ளே தள்ளி நின்றால் அது சிறு நீலன். விளிம்புப் புள்ளிகள் அவ்வளவு சிறியவை என்பதால் அச்சுத் தாளில் அழுக்கா புள்ளியா என்று சந்தேகம் வரும். அதனால் ஒரே பூச்சியின் இரண்டு படத்தில் அதே இடத்தில் இருந்தால்தான் புள்ளி என்று கணக்கில் எடுத்தேன்.

பதினொன்றில் விளிம்புப் புள்ளிகள் இருந்தன. குட்டி நீலன். அறிவியல் பெயர் ஜிஸூலா ஹைலாக்ஸ். 1775இல் ஃபாப்ரிசியஸ் விவரித்துப் பெயர் வைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. இந்தியாவின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளில் இதுவும் ஒன்று. பிக்சல் கணக்கில் அளந்தபோது முன்சிறகின் நீளம் 8 முதல் 9 மில்லிமீட்டர் வந்தது. அடர் நீலன்கள் 10, 11 வந்தன. ஆனால் அளவை மட்டும் நம்பவே கூடாது. தீனி போதாமல் வளர்ந்த புழு குட்டைப் பூச்சியாகத்தான் வெளிவரும், ஒன்பது மில்லிமீட்டர் அடர் நீலன் ஒன்றும் எங்கள் கணக்கில் இருந்தது.

மீதி இரண்டில் ஒன்று சிறு நீலன். இன்னொன்றின் பின்சிறகு ஓரம் கிழிந்திருந்தது, அதை ஒதுக்கிவிட்டேன். ஒதுக்கி வைப்பதும் இந்த வேலையில் ஒரு பகுதிதான்.

புல்மணியைப் பற்றி ஒரு வரி போதும். பின்சிறகு அடிப்பக்கத்தின் ஓரத்தில் ஆரஞ்சுக் கரையோடு, பச்சை நீலமாக மினுங்குகிற கறுப்புப் பொட்டுகள் வரிசையாக இருக்கும், ஒரு தடவை பார்த்தால் வேறு எதோடும் குழம்பாது. கரையின் காய்ந்த மேட்டில் ஒன்று கிடைத்தது.

படத்தை வைத்து இவ்வளவு தூரம் வந்தாயிற்று. ஆனாலும் மனம் அடங்கவில்லை. அந்தப் பெரியவர் கேட்டது மண்டைக்குள்ளேயே இருந்தது. ஒரே பொடுதலைப் பாயில் தேன் குடிக்கிறவர்கள் முட்டை வைப்பதும் ஒரே செடியிலா? நீலன்களில் புழு தின்கிற செடி இனத்துக்கு இனம் மாறும். அடர் நீலனுக்கு நெருஞ்சியும் குப்பைக்கீரையும். சிறு நீலனுக்குத் தரையில் படரும் பயறு வகைக் களைகள். குட்டி நீலனுக்கு ஆடாதோடைக் குடும்பம். கனகாம்பரம், நிலவேம்பு, சிறுவர்கள் எச்சில் தொட்டு வெடிக்க வைக்கிற பட்டாசுக்காய்ச் செடி, நீர்முள்ளி எல்லாம் அந்தக் குடும்பம்தான். அப்படியென்றால் முட்டை வைக்கிற தாயைப் பின்தொடர்ந்து போனால், செடியே சாட்சி சொல்லிவிடும்.

ஜனவரியில் இரண்டு ஞாயிறு இதற்கே போனது. முதல் நாள் நெருஞ்சிப் பக்கம் உட்கார்ந்தேன். மஞ்சள் பூக்கள் வெயிலைப் பார்த்து விரிந்திருந்தன. பழுப்புப் பூச்சி ஒன்று நெருஞ்சிக் கொடியில் இறங்கி, வயிற்று நுனியை வளைத்து மொட்டுகளைத் தடவித் தடவிப் போனது. முட்டையைத் தேடி இலை இலையாகப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அப்போது ஒரு கொடி நுனியில் மட்டும் கறுப்பு எறும்புகள் நாலைந்து அந்த இடத்தை விடாமல் சுற்றிக்கொண்டிருப்பது தெரிந்தது. பைனாகுலரைத் தலைகீழாகப் பிடித்துக் கண் வைக்கிற கண்ணாடியை இலைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் அது நல்ல பூதக்கண்ணாடி. அப்படிப் பார்த்தேன். இலையின் அதே பச்சையில், அரிசியில் பாதி நீளத்துக்கு, தட்டையான ஒரு புழு. எறும்பு உணர்கொம்பால் அதன் பின்முதுகைத் தட்டுகிறது. கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் ஒரு துளி ஊறி வருகிறது. எறும்பு அதைக் குடிக்கிறது, மறுபடி தட்டுகிறது. நீலன் புழுக்கள் பலவற்றின் முதுகில் இப்படி இனிப்புச் சுரக்கும் சுரப்பி உண்டு. இனிப்புக்கு வருகிற எறும்பு காவலுக்கும் ஆகிறது. இருபது நிமிடம் பார்த்தேன். காலில் நெருஞ்சி குத்தியதுகூட எழுந்தபின்தான் தெரிந்தது. தரையில் நீலன் புழுவைத் தேடுகிறவர்கள் இலையைப் புரட்ட வேண்டாம், எறும்பைப் பாருங்கள்.

தாயின் படத்தை வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தோம். அறைப்புள்ளி இருந்தது. நெருஞ்சியும் அறைப்புள்ளியும் சேர்ந்தபின் சந்தேகம் ஏது, அடர் நீலன்தான். நெருஞ்சிப் பக்கம் எடுத்திருந்த அந்த மூன்று பெண்களையும் இதோடு சேர்த்தேன்.

அடுத்த ஞாயிறு நீர்முள்ளிப் பக்கம். தண்ணீர் ஓரச் சேற்றில் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற செடி. கணுவுக்குக் கணு மஞ்சள் முள், முள்ளுக்கு நடுவே ஊதா நீலப் பூ. இதன் விதையைச் சித்த மருந்துக்கு எடுக்கிறார்கள். பார்க்க முரட்டுச் செடி, ஆனால் வண்ணத்துப்பூச்சிகளுக்கு இதுவே தாய்வீடு. சிறகில் மயில்கண் வைத்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி ஒன்று ஈரநிலப் பக்கம் பறக்குமே, பீகாக் பேன்சி, அதன் புழுவும் இதைத்தான் தின்னும். சேறு என்பதால் படுக்க முடியாது. மடையின் கல்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தேன்.

9.40க்கு ஒன்று வந்தது. பறக்கும் விதமே தனி. அடர் நீலன் விறுவிறுவென்று போகும். இது காற்றில் சாம்பல் துகள் அலைகிற மாதிரி, முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே புகுந்து புகுந்து போனது. ஒரு கணுவில் உட்கார்ந்து, பின்சிறகு இரண்டையும் மேலும் கீழுமாகத் தேய்த்தது. நடந்தே மொட்டுக் கொத்துக்குள் இறங்கியது. வயிற்று நுனியை இதழ்மடலுக்கு நடுவில் செருகி மூன்று நொடி அசையாமல் இருந்தது. பறந்தபின் பைனாகுலரைத் திருப்பிப் பிடித்துப் பார்த்தேன். நடுவில் குழி விழுந்த வட்டம், வலைப்பின்னல் மாதிரி வேலைப்பாடு, வெளிர் பச்சை கலந்த வெள்ளை. கடுகைவிடச் சிறியது. அந்த முட்டையைப் பார்த்தபோது உண்மையாகவே கை நடுங்கியது. டிசம்பரிலிருந்து தேடிய பெயர், நீர்முள்ளி முள்ளுக்கு நடுவில் இருந்தது.

படத்தில் முன்விளிம்பில் இரண்டு புள்ளிகள். அறை காலி. குட்டி நீலன்.

ஈரநிலத்தை ஒட்டிய புல்தரையில் இது ஏன் இவ்வளவு தென்படுகிறது என்பதற்கும் இந்தக் கரையில் காரணம் கண்முன் இருக்கிறது. தாய்க்கும் தகப்பனுக்கும் தேன் தருவது தண்ணீர் வற்றிய இடத்துப் பொடுதலை. புழுவுக்குச் சோறு போடுவது தண்ணீர் ஓரத்து நீர்முள்ளி. உறங்க இடம் கோரையும் அறுகும். இவை மூன்றும் முப்பதடிக்குள் இருக்கின்றன, இவ்வளவு மெதுவாகப் பறக்கிற பூச்சிக்கு அந்த முப்பதடிதான் ஊர். 2019இல் தமிழ்நாடு தன் மாநில வண்ணத்துப்பூச்சியாகத் தமிழ் மறவனை அறிவித்தபோது நானும் மகிழ்ந்தேன். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுப் பூச்சி, காட்டைக் காப்பதோடு சேர்ந்து அதன் பெயரும் வரும். கண்மாய்க்கரையில் 'களை' என்று மண்வெட்டியால் ஒரு நாளில் வழித்துப் போட்டுவிடக்கூடிய இந்த முப்பதடியையும் யாராவது கணக்கில் எடுக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அதனால்தான் தேதி போட்டு, செடி போட்டு எழுதி வைக்கிறேன்.

இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு, வேலையில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றிரண்டு. விடிகாலை விட்டால் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல், அவை புல்நுனிக்கு ஏறும் நேரம், அதுவும் நல்ல நேரம். வெயில் முதுகுப் பக்கம் இருந்தால் நிழல் விழும், பக்கவாட்டில் இருக்கட்டும். எடுத்த இடத்தில் என்ன செடி என்று அதே நிமிடம் ஒரு படம் எடுத்துவிடுங்கள், வீட்டுக்கு வந்தபின் ஞாபகம் இருக்காது. சிறகு தேய்ந்த பூச்சியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

பிப்ரவரி இரண்டாம் ஞாயிறு மகளையும் கூட்டிப்போனேன். பெரியவர் ஆடுகளோடு வந்தார். "ஐயா, நீங்க கேட்டீங்களே, ரெண்டும் ஒண்ணான்னு. வேற வேறங்கய்யா" என்று சொல்லி, மகள் வரைந்த இரண்டு தாளையும் காட்டினேன். ஒன்றில் அறைக்குள் புள்ளி, இன்னொன்றில் விளிம்பில் இரண்டு. தாள்களை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். மகள் பக்கத்தில் நின்று எது எங்கே என்று விரல் வைத்துக் காட்டினாள். அப்புறம் அவர் கோலால் சேற்றுப் பக்கம் சுட்டி, "அங்கிட்டு அந்த முள்ளுல இன்னும் நாலஞ்சு நிக்கிது பாரு தாயி" என்றார். மூன்று பேரும் அந்தப் பக்கம் போனோம்.